சுற்றி நிற்பவர்கள்

பெரியபுராணம் பெண்ணாடத்தை இரண்டு காரணங்களுக்காக நினைவு வைத்திருக்கிறது. அப்பரின் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பட்டது இங்குள்ள தூங்கானைமாடக் கோயிலில் என்பது ஒன்று. இன்னொன்று, கலிக்கம்ப நாயனார். அடியார்களின் கால்களை அவர் கழுவுவார், மனைவி நீர் வார்ப்பார். ஒருநாள் அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்தவன் சிவவேடத்தில் வந்து நின்றான். நீர் வார்க்க மனைவி ஒரு கணம் தயங்கினார். நாயனார் அவர் கையை வெட்டிவிட்டு, கரகத்தைத் தானே எடுத்துக் கால் கழுவினார். குருபூசை நாளில் நாயனாரைக் கும்பிடுகிறோம். கை போன பெண் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை.

அண்மையில் எங்கள் வட்டாரத்து எழுத்தாளர்களை வரிசையாகப் படித்தபோது அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. விருத்தாசலத்தைச் சுற்றி ஒரு கைவீச்சுத் தூரத்துக்குள் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருவர்: கழுதூரைச் சேர்ந்த இமையம், மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன். இருவரையும் பற்றி நண்பர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான். “ஒரே சாவும் அழுகையுமா இருக்கு. இதைப் போய் ஏன் படிக்கிறே?” சாவும் அழுகையும் இருப்பது உண்மைதான். ஆனால் இந்தப் புத்தகங்களில் என்னைக் கலங்கடித்தது சாவல்ல. சாவைச் சுற்றி நிற்கும் ஆட்களின் பேச்சு.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை எடுத்துக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ரேவதி பொறியியல் படித்தவள், தலைமையாசிரியரின் மகள். பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்த ரவி என்ற ஆட்டோ ஓட்டுநரைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கடைசியில் உடல் வெந்து புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலிலேயே நடக்கிறது. எங்கள் பக்கத்தில் தீக்காயம் என்றால் விருத்தாசலம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஜிப்மர் என்ற பாதை எல்லோருக்கும் தெரியும். அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த நாவலை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எத்தனை சதவீதம் என்று பக்கத்து நோயாளியின் உறவினரை விசாரிப்பது. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று டாக்டரிடம் சொல்வது. அப்பா கையில் பணம் இருக்கிறது. அந்தக் கதவுக்கு உள்ளே அது செல்லவில்லை.

தேடி வருகிற உறவுக்காரர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்போதே சொன்னேனே என்கிறவர்கள், வளர்ப்பைக் குறை சொல்கிறவர்கள், போலீசில் என்ன எழுதிக் கொடுப்பது என்று யோசனை சொல்கிறவர்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்கக் கேட்க, ரேவதி உயிரோடு இருந்தபோதும் இதே பேச்சுதான் அவளைச் சுற்றி நின்றது என்பது புரிந்துவிடுகிறது. ரவிக்கும் பேச இடம் கொடுத்திருப்பதை இந்த நாவலின் பெரிய துணிச்சலாக நினைக்கிறேன். அவனை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவன்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடவும் முடியவில்லை.

இமையத்தின் ‘பெத்தவன்’ அளவில் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். தலித் இளைஞரைக் காதலித்த மகளை விடிவதற்குள் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடி அப்பனை நெருக்குகிறது. அவர் இரவோடு இரவாக மகளை அனுப்பிவிட்டுத் தான் செத்துப்போகிறார். ஊர்க்கூட்டம் பேசும் பக்கங்களுக்கு இணையாகத் தமிழில் நான் படித்தது குறைவு. எப்படிக் கொல்வது என்பதை, ஏதோ காது குத்துக்குச் சமையல் ஏற்பாடு செய்வதுபோல அங்கே பேசுகிறார்கள். எனக்கு ஒரு குறையும் உண்டு. அப்பனின் சாவு நம்மை அழவைத்து ஆற்றிவிடுகிறது. அந்தக் கூட்டத்தின் மேல் வந்த கோபம் அழுகையில் கரைந்துவிடுகிறது. அந்த அளவில் ‘செல்லாத பண’த்தையே நான் மேலே வைப்பேன்.

இது கற்பனை என்று ஒதுக்க எங்கள் வட்டாரத்தில் வழியில்லை. 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனையும் கண்ணகியையும் பிடித்துக் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி; கண்ணகி வன்னியர். வழக்கு 18 ஆண்டுகள் இழுத்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல்துறை அதிகாரிகள். மேல்முறையீட்டில் இருவர் விடுதலையானார்கள். மற்றவர்களின் மனுக்களை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு தண்டனை பெற்றவர்களோடு முடிந்துவிடுகிறது. அன்று வேடிக்கை பார்த்தவர்களை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? அந்த வேலையைத்தான் ‘பெத்தவன்’ செய்கிறது. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் 1981இல் ஒரு நாவலில் செய்ததும் இதுதான். கொலை செய்யப் போகிறோம் என்று இரட்டைச் சகோதரர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஊருக்கே தெரிந்தும் சாந்தியாகோ நாசார் தன் வீட்டு வாசலிலேயே குத்துப்பட்டுச் சாகிறான். சமுத்திரங்கள் தாண்டியும் கூட்டம் ஒரே மாதிரிதான் நிற்கிறது.

கண்மணி குணசேகரன் வேறு தினுசு. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர், ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தொகுத்தவர். அவருடைய ‘அஞ்சலை’ நாவலில் பெண் பார்க்க வந்தபோது காட்டிய மாப்பிள்ளை ஒருவன், தாலி கட்டுகிறவன் வேறொருவன். அந்த ஏமாற்று ஒரே நாளில் முடிந்துவிடுகிறது; அதற்குப் பிறகு ஊர் வாய் அவளை வாழ்நாளெல்லாம் துரத்துகிறது. முந்திரிக்கொல்லையிலும் களை வெட்டும் இடத்திலும் பெண்கள் பெண்ணையே கிழிக்கும் பேச்சை அவர் அப்படியே இறக்கிவைத்திருக்கிறார். படிக்கும்போது எனக்குத் தெரிந்த குரல்கள் கேட்டன. அதுதான் பயம்.

இமையத்தின் ‘எங் கதெ’ மட்டும் என்னிடம் முழுதாக வரவில்லை. கமலா என்ற விதவைமேல் பித்தான விநாயகம் தன் கதையைத் தானே சொல்கிறான். கொலை நினைப்புவரை போகும் ஆணின் மனம் அச்சாக வந்திருக்கிறது. ஆனால் கமலாவை அவன் வாய் வழியாக மட்டுமே பார்க்கிறோம். இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைக’ளில் இந்தக் குறை கிடையாது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், பொழுது சாய்ந்தபின் வீடு வீடாக நின்று சோறு எடுக்கிறாள். தாழ்த்தப்பட்டவர்கள் தமக்குக் கீழே ஒருத்தியை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைத் தலித் எழுத்தாளர் ஒருவரே எழுதியது 1994இல் பெரிய சர்ச்சையானது. முப்பது ஆண்டுகள் கடந்தும் நாவல் நிற்கிறது. சர்ச்சை பண்ணிய பேச்சில் பாதி மறந்துபோய்விட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘பெத்தவ’னில் தொடங்குங்கள், பிறகு ‘அஞ்சலை’, பிறகு ‘செல்லாத பணம்’. பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளி நூலகத்தில் இந்த மூன்றையும் வாங்கி வையுங்கள். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படிக்கட்டும். எல்லோரும் கூடிநின்று பேசும்போது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய வயதை அவர்கள் எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.