விலை இறங்கிய போர்ஷே, இறங்காத பில்

டீ வந்துவிட்டது. போனை இப்படிக் கொடுங்கள் தம்பி, அந்த விளம்பரத்தைப் பார்ப்போம்.

2001 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். வெள்ளி நிறம், 2.7 லிட்டர், மேனுவல் கியர், ஓட்டம் 62,000 மைல். கேட்கும் விலை 5,000 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. லண்டனில் ஹாரோவிலோ டூட்டிங்கிலோ வாடகை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட நாட்களில் நோட்டு அட்டையில் ஒட்டிய கார் படத்தை இன்னும் மறக்காமல் இருக்கிற யாருக்கும் இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். தப்பில்லை. ஆனால் விற்பவரை அழைப்பதற்கு முன், இது ஏன் இவ்வளவு மலிவு என்று ஐந்து நிமிடம் யோசிக்க வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது. 1993இல் டெட்ராய்ட் கண்காட்சியில் இந்த வண்டியின் மாதிரியைக் காட்டினார்கள். 1996இல் உற்பத்தி தொடங்கியது. செலவைக் குறைக்க, அடுத்து வந்த 911 காருக்கும் இதற்கும் முன்பக்க பாகங்கள் பலவற்றைப் பொதுவாக வைத்தார்கள். வண்டி நன்றாக விற்றது. ஜெர்மனித் தொழிற்சாலை போதாமல் பின்லாந்தில் வால்மெட் என்ற நிறுவனத்திடமும் கட்டக் கொடுத்தார்கள். முதல் தலைமுறை 2004 வரை வந்தது. விவரம் தெரிந்தவர்கள் அதை 986 என்று எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். ஆக, மலிவுக்கு முதல் காரணம் சாதாரணமானது. வண்டிகள் நிறைய இருக்கின்றன.

இரண்டாவது காரணம்தான் பர்ஸைப் பதம் பார்ப்பது. புதிதாக வந்தபோது பிரிட்டனில் 30,000 பவுண்டுக்கு மேல் விற்ற கார் இது. இன்று காரின் விலை இறங்கிவிட்டது. கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் ஆர்ம் ஆகியவற்றின் விலை கூடவே இறங்கவில்லை. அவற்றை மாற்றுகிறவரின் மணிக்கூலியும் இறங்கவில்லை. 5,000 பவுண்டு என்பது வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிற செலவு மட்டும்.

இப்போது எல்லாரும் பயந்து பேசுகிற அந்த பேரிங்குக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விஷயம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் பயப்படுகிறார்கள்.

இந்த இன்ஜினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் இருக்கின்றன. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தை வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட்களுக்குக் கொண்டுபோக, நடுவில் இன்னொரு தண்டு உண்டு. இடைத் தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஐஎம்எஸ் என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். அளவில் சிறியது, தேருக்கு அச்சாணி எப்படியோ இந்த இன்ஜினுக்கு அது அப்படி. உள்ளே கிரீஸ் அடைத்து, இரு பக்கமும் மூடி வைத்த வகை. ஆண்டுகள் போகப்போக மூடி தளர்கிறது. இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. புகுந்த ஆயிலும் வெளியே வராமல் அங்கேயே கெடுகிறது. பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் செயினின் டைமிங் தப்பும். தப்பினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அன்றைக்கு இன்ஜின் போயிற்று. அதை மாற்றுகிற செலவு வண்டியின் விலையைத் தாண்டும்.

ஆரம்ப வருட வண்டிகளில் இது இரட்டை வரிசை பேரிங். 2000க்குப் பிறகு படிப்படியாக ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். தொல்லை அதிகம் இதில்தான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காகப் போட்ட வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. ஆனாலும் ஒற்றை வரிசை வண்டிகளில் பெரும்பாலானவை இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பேரிங்கை வெளியே எடுத்து மேம்பட்ட ஒன்றை மாட்டவும் வழி இருக்கிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. அந்த பேரிங் இருப்பது ஃபிளைவீல் பக்கம். கியர் பாக்ஸை இறக்கினால்தான் கை போகும். கிளட்ச் மாற்றும்போதும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆகவே, "பேரிங் மாற்றியாயிற்றா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "கிளட்ச் எப்போது மாற்றினீர்கள், அந்த பில்லைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். அதே பில்லில் பேரிங்கும் இருந்தால் நல்லது. 60,000 மைல் ஓடி, கிளட்ச் மாற்றியதாகவே பில் இல்லை என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழக் காத்திருக்கிறது என்று அர்த்தம்; பேரம் அங்கிருந்து தொடங்கட்டும். 2006 வாக்கில் பேரிங்கைப் பெரிதாக்கினார்கள், அதை இன்ஜினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. அவை விலை கூடிய வேறு வண்டிகள். நம் பேச்சு இந்த வெள்ளிக் கார் பற்றியது.

விளம்பரத்தில் இன்னொரு வரி பாருங்கள்: "ஏசிக்கு கேஸ் மட்டும் போட்டால் போதும்." இந்த வரி உலகமெங்கும் ஒன்றுதான், நம்மூர் அம்பாசிடர் விற்றவர்களும் இதையே சொன்னார்கள். கேஸ் மட்டும் போட்டால் போதும் என்றால் அவரே போட்டுவிட்டு விற்றிருப்பாரே? பாக்ஸ்டரில் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் முன் பம்பரின் இரு வாய்களுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இலையும் சருகும் அங்கே சேர்ந்து, ஈரத்தில் மக்கி, உலோகத்தை அரிக்கும். நேரில் போகும்போது போன் டார்ச்சை அந்த வாய்க்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே சருகு மூட்டை இருந்தால் கேஸ் எங்கே போனது என்று விளங்கிவிடும்.

குறைந்த ஓட்டம் என்றால் நல்ல வண்டி என்கிற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. வருடத்துக்கு முந்நூறு மைல் ஓடி, மீதி நாளெல்லாம் கராஜில் போர்வை போர்த்தி நின்ற ஸ்போர்ட்ஸ் காரைவிட, தினம் வேலைக்குப் போய்வந்து 1,10,000 மைல் ஓடி, வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய கார் எவ்வளவோ மேல். நிற்கிற வண்டியில் ரப்பர் சீல் காயும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், பழைய ஆயிலில் ஈரம் சேரும். மேலே சொன்ன பேரிங்குக்கும் இந்த நிலைமை ஆகாது என்பதே இந்த இன்ஜின்களோடு பழகிய மெக்கானிக்குகள் பலரின் கருத்து. ஓட்டம் குறைவு என்று விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். நானாக இருந்தால் குறைத்துக் கேட்பேன்.

இதெல்லாம் உண்மையா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க பிரிட்டனில் ஒரு வசதி உண்டு. மூன்று வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் எம்ஓடி சோதனைக்குப் போக வேண்டும். 2005 முதலான சோதனை முடிவுகளை அரசாங்க இணையதளத்தில், நம்பர் பிளேட்டில் உள்ள பதிவெண்ணைப் போட்டால், இலவசமாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு வருட மைல் கணக்கும், எதில் ஃபெயில் ஆனது என்பதும் இருக்கும். அதைவிட முக்கியம், பாஸ் போட்டுவிட்டு ஓரமாக எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகள். "பின் டயர்கள் உள் ஓரத்தில் தேய்ந்துள்ளன" என்று ஒரு வருடம் எழுதி, அடுத்த வருடம் அது காணாமல் போயிருந்தால், உடைமைக்காரர் செலவு செய்திருக்கிறார். அதே வரி மூன்று வருடம் தொடர்ந்து வந்தால் அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று தனியாக விசாரிக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று: எம்ஓடி பாஸ் என்பது இன்ஜினுக்கான நற்சான்று அல்ல. இன்ஜினின் உட்புறம், கிளட்ச், கியர் பாக்ஸ் எதையும் அந்தச் சோதனை தொடுவதில்லை.

படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற ஆளிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கையோடு இன்னும் சில பார்த்துவிடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு முறை கைவிட்ட வண்டியா, அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்; சொற்பத் தொகைதான். கைவிட்ட வண்டியில் பிரிவு 'எஸ்' என்றால் எலும்புக்கூட்டிலேயே அடி, 'என்' என்றால் அப்படி இல்லை. லண்டன் முழுக்க இப்போது மாசுக் கட்டண வளையம், 2023 ஆகஸ்ட் முதல்; விதியில் தேறாத வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. இந்த வயது வண்டிகளில் தேறுவதும் உண்டு, தேறாததும் உண்டு. அதையும் பதிவெண்ணைப் போட்டே பார்க்க வேண்டும். சிலர், ஆசைக்கு ஓட்டிவிட்டு ஊருக்குக் கப்பலில் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரை இந்தியா இறக்குமதி செய்ய விடாது. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நேரில் போகிற நாள். "நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் புகைக்குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜினை முடுக்கியதும் ஒரு பொட்டுப் புகை வந்து அடங்கினால் பயப்பட வேண்டாம். படுத்திருக்கும் சிலிண்டரில் தேங்கிய ஆயில் எரிகிறது. அடங்காமல் தெருவை மறைக்கிற அளவுக்கு வெள்ளைப் புகை வந்தால், ஆயிலையும் காற்றையும் பிரிக்கிற பாகம் கிழிந்திருக்கலாம்.

இன்ஜினை நீங்கள் பார்க்க முடியாது. சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மூடிக்கிடக்கிறது. பின் டிக்கியில் ஆயில், கூலன்ட் ஊற்றும் மூடிகள் மட்டுமே தெரியும். அந்த டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் கூலன்ட் டப்பா விரிசல் விட்டிருக்கக்கூடும். பிறகு சீட்டின் கீழ்க் கார்ப்பெட்டையும் அமுக்கிப் பாருங்கள். துணிக் கூரையின் மழைநீர் போகிற துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். சாவியை அடையாளம் காணும் மின்பெட்டி சீட்டுக்கடியில்தான் இருக்கிறது. அது நனைந்தால் ஒரு நாள் காலையில் வண்டி உங்களை யாரென்றே கேட்கும். நாலு டயரும் நாலு கம்பெனியாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனதுக்குப் பிடித்துவிட்டதா? போர்ஷே வேலை தெரிந்த ஒரு தனி வொர்க்‌ஷாப்பில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், காசு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் காகித மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்பில் மினுமினுக்கும் உலோகப் பொடி இருந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பழுதான வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விளம்பரத்தில் சொன்னபடி இருக்கிறதா என்பதோடு சரி. அதனால் விளம்பரத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டீலராக இருந்துகொண்டு, பிள்ளை பிறந்துவிட்டது, இரண்டு சீட்டுப் போதவில்லை என்று குடும்பக் கதை சொல்கிறவர்களும் உண்டு. வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விலாசமும் உங்கள் எதிரில் நிற்கிறவருடையதா என்று பாருங்கள். நம்மூர் ஆர்சி புக் போலத் தோன்றினாலும், அது வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்றுதான் சொல்கிறது. சொந்தக்காரர் என்பதற்கு ஆதாரம் அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

என் முடிவைக் கேட்டால்: 2003, 2004 மாடலுக்குப் போங்கள். பழைய மாடல்களில் பின் கண்ணாடி பிளாஸ்டிக். மங்கிப்போகும், மடிப்பில் கிழியும். அந்த இரண்டு வருட வண்டிகளில் அசல் கண்ணாடி. ஓட்டம் அதிகமாக இருக்கட்டும், பில் கட்டு தடிமனாக இருக்கட்டும். கையில் 8,000 இருந்தால் 5,000க்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதி முதல் வருடத்துக்கு வேண்டும். கையில் இருப்பதே 5,000 என்றால் பாக்ஸ்டர் வேண்டாம். மாஸ்டா எம்எக்ஸ்-5 பாருங்கள். அடிப்பக்கத் துருவை மட்டும் கவனித்து வாங்கினால், கூரை திறந்த சந்தோஷமும் கிடைக்கும், ஒரு பழுது வந்தால் தாங்கவும் முடியும்.

இந்த வெள்ளிக் காருக்கு இன்றிரவே அவரை அழைப்பதாக இருந்தால் கிளட்ச் பில்லை மட்டும் கேளுங்கள். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கேட்டால், இன்னும் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னாலும் சரி, ஒரு பவுண்டு கூட அனுப்பாதீர்கள்.