இறால் கோதுக்கும் குடலுக்கும் ஒரே பிடி

"கோதாரியில போவான்" என்று யாழ்ப்பாணத்தில் யாரும் ஏசும்போது, அந்தச் சொல் ஒரு காலத்தில் கொள்ளைநோயைக் குறித்தது என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. அப்படியொரு கொள்ளைநோய்தான் 1817இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி; அது அடுத்தடுத்த ஆண்டுகளில் இலங்கையையும் தாக்கியது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நிற்கும் கடற்கோட்டையை ஆங்கிலேயர் சிறையாக வைத்திருந்தார்கள். பிறகு அதையே தொற்றுநோயாளருக்கான வைத்தியசாலையாக்கினார்கள். நோயாளியைக் கடலுக்கு நடுவில் கொண்டுபோய் விடுமளவுக்கு அந்தப் பயம் இருந்தது.

அந்த நோயின் கிருமி எங்கள் குடலில் எப்படித் தங்குகிறது என்று விளங்க, குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நிற்பவர்கள் ஒருமுறை குனிந்து தூண்களைப் பாருங்கள். அலை ஓயாமல் அடிக்கும் இடத்தில் சிப்பிகள் அசையாமல் இருக்கின்றன. ஒட்டத் தெரியாத உயிரைக் கடல் அங்கே விட்டுவைக்காது. எங்கள் சிறுகுடலும் அப்படியொரு இடந்தான். உணவும் நீரும் ஓடிக்கொண்டே இருக்கும், குடலும் சுருங்கி விரிந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும். 2, 3 மைக்குரோன் நீளமுள்ள வாந்திபேதிப் பற்றீரியா அங்கே எதையும் பற்றாமல் இருந்தால், நோய் உண்டாக்க முன்னமே வெளியே போய்விடும்.

அது எதைக்கொண்டு பற்றுகிறது? அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் ரொனால்ட் ரெய்லரின் குழு 2005இல் 'நேச்சர்' இதழில் ஒரு விடை சொன்னது. இந்தப் பற்றீரியாவின் இயல்பான வீடு மனிதக் குடல் அல்ல; உவர்நீரும் கழிமுகமும். அங்கே அது கோப்பிபொட் எனப்படும் இறாலுக்கு உறவான மிகச் சிறிய மிதவை உயிர்களின் கோதில் ஒட்டி வாழ்கிறது. அந்தக் கோது கைற்றினால் ஆனது. நாங்கள் உரித்துப் போடும் இறால் கோதும் நண்டு ஓடும் அதே பொருள்தான். என்-அசற்றைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்தால் கைற்றின். எங்கள் குடலின் சளிப்படலத்திலும் அதே சர்க்கரை இருக்கிறது. பற்றீரியாவின் ஜிபிபிஏ என்ற புரதம் இரண்டையும் பிடிக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கியபோது, பற்றீரியா கோதிலும் குடற் கலங்களிலும் ஒட்டுவது குறைந்தது. எலிக்குஞ்சுகளின் குடலில் குடியேறுவதும் குறைந்தது. கடலில் பிழைக்கப் பழகிய கைதான் எங்களையும் பிடிக்கிறது. இந்தச் செய்தியை முதலில் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஒட்டியபின் வேறொரு புரதத்தாலான மெல்லிய இழைகளை நீட்டி, பற்றீரியாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூட்டமாகின்றன. பிறகுதான் நஞ்சு. அந்த நஞ்சு இருப்பதை 1959இல் முயலின் குடலை வைத்துக் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. நஞ்சுக்கும் ஐந்து பிடிகள் உண்டு. அவை குடற் கலத்தைப் பற்றிய பின்பே ஆறாவது பகுதி உள்ளே நுழைந்து, உடலின் நீரையெல்லாம் குடலுக்குள் திறந்துவிடுகிறது.

ஆனால் இந்த ஒட்டும் குணமே பற்றீரியாவைக் காட்டியும் கொடுக்கிறது. தனியே மிதக்கும் பற்றீரியா துணியின் துளைகளுக்குள்ளால் நழுவிவிடும். கோப்பிபொட்டில் ஒட்டியிருப்பது நழுவாது. ஆய்வாளர் ரீட்டா கொல்வெல்லும் அவருடன் வேலை செய்தவர்களும் வங்காளதேசத்தின் மட்லப் பகுதியில் 65 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். பழைய பருத்திச் சேலையை நாலாக, எட்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடித்தார்கள். துளை சுமார் 20 மைக்குரோனாகச் சுருங்கியது. புதுச் சேலையைவிட, துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழஞ்சேலையே நன்றாக வடித்தது. 2003இல் வெளிவந்த முடிவு: வாந்திபேதி 48 சதவீதம் குறைந்தது. கோடிகள் செலவழித்த எத்தனையோ திட்டங்களைவிட இந்தச் சேலையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

குறிகட்டுவான் கடலில் வாந்திபேதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீவுகளில் நல்ல தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். கிணறு உவர்த்தால் பவுசரைப் பார்த்திருக்க வேண்டும். ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சனம் திரளும் நாட்களில் ஒரே வாளித் தண்ணீர் பல கைகளுக்கு மாறும். துணி தனித்து மிதக்கும் கிருமியைப் பிடிக்காது. ஆகவே வடித்ததோடு நிறுத்தாதீர்கள். வடித்த தண்ணீரை ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டுக் குடியுங்கள். பிள்ளைகளின் போத்தலிலும் அதையே நிரப்பிக் கொடுத்து விடுங்கள்.