அத்தையின் காசிப் பணம் திரும்பி வந்த கதை



"நினைத்தாலே முக்தி தரும் ஊரில் இருந்துக்கிட்டு, முக்திக்காக காசிக்குப் போகணுமாம்!" என்று என்னவர் தன் அம்மாவைக் கேலி செய்வது வழக்கம். எங்களுக்குத் திருவண்ணாமலை. தெரு முனைக்குப் போனாலே மலை தெரியும். ஆனாலும் என் மாமியாருக்குக் காசி ஆசை விடவில்லை. பதினைந்து வருடங்களாகப் பூ கட்டி விற்ற காசில் சீட்டுப் போட்டு, அதைப் பத்திரமாக வைத்திருந்தார். ரயிலில் இரண்டு நாள் உட்கார முடியாது என்று முழங்கால் சொன்னதால், விமானத்தில் போகலாம் என்று முடிவு செய்தோம்.

2020 ஜனவரியில், ஊரில் உள்ள ஒரு டிராவல் ஏஜெண்ட் மூலம் எனக்கும், என்னவருக்கும், அத்தைக்கும் டிக்கெட் எடுத்தோம். சென்னையிலிருந்து போக, வர மூன்று பேருக்கு 28,500 ரூபாய். ஏப்ரல் 12-ந்தேதி பயணம். அத்தை அன்று முதலே எல்லோரிடமும், "ஏரோப்ளேன்ல போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 25-ந்தேதி ஊரடங்கு வந்தது. விமானம் நின்றது. கோவில் நடை சாத்தியது. பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை என்னும்போது காசி எங்கே?

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "அக்கா, பணம் கம்பெனிகிட்டதான் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா போய்க்கலாம்னு சொல்றாங்க" என்றார். ஒரு வருடத்தில் நோய் அடங்குமா, 74 வயதுக்காரரை அழைத்துப் போக முடியுமா? எங்களுக்குப் பணம்தான் வேண்டும் என்றேன். "கொடுக்க மாட்டாங்கக்கா" என்றார். விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால் அரைமணி நேரம் பாட்டு, பிறகு, "உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள்!" இவரைக் கேட்டால் அவர், அவரைக் கேட்டால் இவர்.

ஏப்ரல் 16-ந்தேதி, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதாகப் பேப்பரில் பார்த்து மகிழ்ந்தேன். முழுக்கப் படித்தால், ஊரடங்கு சமயத்தில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டுமாம். முன்யோசனையோடு ஜனவரியிலேயே எடுத்தவர்களுக்கு இல்லையாம்!

'பிரவாசி லீகல் செல்' என்ற அமைப்பும் வேறு சிலரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020 அக்டோபர் 1-ந்தேதி நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர்.ஷா ஆகியோர் தீர்ப்புச் சொன்னார்கள். எங்களைப் போல் முன்பே டிக்கெட் எடுத்து, 2020 மே 24 வரை பயணம் இருந்தவர்களுக்கு, விமான நிறுவனம் 15 நாளில் பணம் தர முயல வேண்டும். நிதி நெருக்கடி என்றால், அந்தத் தொகையை 2021 மார்ச் 31 வரை பயணி பெயரில் வரவாக வைக்கலாம். அதை வேறு யாருக்கும் மாற்றித் தரலாம். 2020 ஜூன் வரை மாதம் நூற்றுக்கு அரை ரூபாயும், அதன் பிறகு முக்கால் ரூபாயும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பயன்படுத்தாவிட்டால் கடைசியில் ரொக்கமாகத் தர வேண்டும். ஏஜெண்ட் மூலம் எடுத்திருந்தால், பணம் அவர் கணக்குக்குப் போய், அவர் உடனே பயணியிடம் தர வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறைத்தது. ஜனவரி மாதம், டிக்கெட் நகலை வைத்து, பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, விமான நிறுவனத்துக்கு நானே பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். "பணம் வேண்டும்" என்று எழுதவில்லை. "எந்தத் தேதியில், யார் கணக்கில் செலுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. டிசம்பரிலேயே ஏஜெண்ட் கணக்கில் சேர்ந்துவிட்டதாம்!

என்னவர் கொதித்துவிட்டார். "போலீசுக்குப் போறேன்" என்று சட்டையை மாட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். பணம் அவருடையது, அவர்தானே சொல்ல வேண்டும்? அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காச விடாத. ஆனா அவன் வாசல்ல நின்னு கத்தி வாங்காதம்மா. அந்தக் காசுல காசிக்குப் போனா எனக்கு ஒட்டாது."

நான் மட்டும் போனேன். கடை பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது. வீட்டில் கைக்குழந்தை. கடிதத்தைக் காட்டியதும் அந்தத் தம்பி தலை குனிந்தார். "கடை வாடகைக்குக் கொடுத்துட்டேன் அக்கா. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அவர் மனைவி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. பல மாதம் போன் செய்தபோது உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டும் வந்திருக்காது.

"தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இது பூ கட்டின காசு" என்றேன். வெள்ளைத் தாளில் தொகையையும் தேதிகளையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஐந்து தவணை. தவறினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்பதையும் சொல்லிவிட்டே வந்தேன். நடுவில் இரண்டாவது அலை வந்து இரண்டு மாதம் தள்ளினாலும், 2021 செப்டம்பரில் கடைசித் தவணையும் வந்துவிட்டது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 2024 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 'யாத்ரா' என்ற டிக்கெட் இணையதளத்துக்கு (எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) உத்தரவிட்டபோது, 4,837 முன்பதிவுகளுக்கு இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தது. அமெரிக்காவிலும் இதே பிரச்னைதான். டாடா வாங்குவதற்கு முன்பு வந்த புகார்களுக்காக, ஏர் இந்தியா 12 கோடியே 15 லட்சம் டாலரைப் பயணிகளுக்குத் திருப்பித் தந்து, 14 லட்சம் டாலர் அபராதமும் கட்டியதாக 2022 நவம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது.

சகோதரிகளே, என் அனுபவத்தில் கற்றவை:

* டிக்கெட் நகல், பணம் கட்டிய ரசீது இரண்டையும் பயணம் முடியும் வரை பத்திரப்படுத்துங்கள்.

* ஏஜெண்டிடம் வாங்கினாலும், பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான். இரண்டு பேருக்கும் எழுத்தில் கேளுங்கள். போன் பேச்சுக்கு சாட்சி இல்லை.

* பதில் இல்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். விமானப் புகார்களுக்கு அரசின் 'ஏர்சேவா' தளமும் உண்டு.

* அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அத்தை காசிக்குப் போனாரா என்று கேட்பீர்கள். 2023 பிப்ரவரியில் போய் வந்தோம். விமானத்தில்தான்! டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அதே தம்பி. "அவன்கிட்டயேவா?" என்று என்னவர் முறைத்தார். "கடன அடைச்சவன்டா அவன்" என்றார் அத்தை. ஆனால் இந்த முறை, பணம் திரும்பினால் யார் கணக்குக்கு வரும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.