கத்தரிக்கோலும் கண்ணும்

1960-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத்தில் ஆராய்ச்சியாளர் இருவர், நாட்பட்ட இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டவர்களின் வெள்ளை அணுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 46 குரோமோசோம்களுள் ஒன்று மட்டும் சவலைப் பிள்ளைபோல் குட்டையாய்க் கிடப்பதைக் கண்டனர். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அது அறுந்து தொலைந்ததா, வேறெங்கேனும் போயிற்றா என்னும் சந்தேகம் 1973 வரை நிவர்த்தியாகவில்லை.

குயினாக்ரீன் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமும் பட்டை பட்டையாய் ஒளிரும் என்பது தெரியவந்த பின்னர், சிகாகோவில் பெண் மருத்துவர் ஒருவர், புகைப்படங்களிலிருந்து அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் ஜோடி சேர்த்துப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் பரிகாசம் செய்தார்களாம். 22-ஆவதில் குறைந்த துண்டு 9-ஆவதின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடமாற்றத்தில் பிறக்கும் விபரீதப் புரதத்தை அடக்கும் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கதையை வாசகர் அறிவார்கள், அதை விட்டுவிடுகிறேன். எனக்குக் கத்தரிக்கோலைப் பற்றித்தான் கவலை.

மஜ்ஜையிலிருந்து எடுத்த அணுக்களை ஓரிரு நாள் வளர்த்து, பகுபடும் தருணத்திலேயே கால்ச்சிசினால் நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் உப்பவைத்து, பதப்படுத்தி, சற்று உயரத்திலிருந்து கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு சொட்டு விழச் செய்கிறார் ஆய்வகத்துப் பெண்மணி. காற்று வறண்டிருந்தால் தகட்டின்மேல் வாயால் ஊதி ஈரமேற்றுவதும் உண்டு; குரோமோசோம்கள் கும்பலாய்க் குவியாமல் பிரிந்து பரவவேண்டுமே! (அணுவை உப்பவைக்கும் இந்த உபாயமே, பிலடெல்பியாக்காரருள் ஒருவருக்கு, குழாய்த் தண்ணீரில் கழுவப்போய்த் தற்செயலாய்க் கைவந்தது.) பிறகு வழக்கமாக 20 அணுக்களையாவது ஒவ்வொன்றாய்ப் படிக்கவேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு, மூலக்கூறுப் பரிசோதனை லட்சத்தில் ஓர் அணுவையும் பிடித்துவிடுமே என்பார்கள்; மெய்தான். ஆயினும் அது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சி. 9-ஐயும் 22-ஐயும் பற்றி வினவினால் அவற்றைப் பற்றியே பேசும். பக்கத்தில் 8-ஆவது இரண்டுக்குப் பதில் மூன்றாய்ப் பெருகி நிற்பதையோ, 17-ஆவது உருக்குலைந்து கிடப்பதையோ, நோய் முற்றுவதற்கு அவை அறிகுறிகளாய் இருப்பினும், நாம் கேளாதவரை வாய் திறவாது. அவசரத்துக்கு அந்தச் சாட்சியே போதுமென்று, தகட்டைப் படிக்கும் நாற்காலியை ஓரங்கட்டும் மனோபாவம் வளர்ந்துவருகிறதோ என்று அஞ்சுகிறேன். குட்டையாய்ப் போன 22-ஆவதைப் பழகிய எவரும் கண்டுவிடலாம். 9-ஆவதின் நுனியில் அற்பமாய் நீண்டிருப்பதைக் காண்பதற்கு ஆயிரக்கணக்கில் பார்த்துத் தேர்ந்த கண் வேண்டும்.

1960-இல் அந்த இருவரும் குட்டைக் குரோமோசோமைத் தேடிக்கொண்டு போகவில்லை. அப்படியொன்று உண்டென்றே அதற்குமுன் எவருக்கும் தெரியாது.