கோணத்துக்கு அஞ்சுவோரும் கோணத்தைக் கற்றோரும்

ஹாங்காங் நகரத்தில், சீன வங்கிக்காக எழுப்பப்பட்ட கோபுரம் ஒன்று 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 72 மாடி. கூரை வரை 315 மீட்டர் உயரம். அடி முதல் முடி வரை முக்கோணம், முக்கோணம், முக்கோணம்! அதை வரைந்தவர் ஐ. எம். பெய் எனும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்.

கட்டடம் எழும்போதே ஊர் இரண்டாகப் பிரிந்தது. பொறியியல் கற்றோர் அதன் உறுதியைக் கண்டு வியந்தனர். மனை சாத்திரம் பார்ப்போரோ அதன் கூர்மையைக் கண்டு நடுங்கினர்!

அந்தச் சாத்திரத்துக்கு ஃபெங் சுயி என்று பெயர். ஃபெங் என்றால் காற்று. சுயி என்றால் நீர். வீடு எங்கே, வாசல் எத்திசை, முன்னோரைப் புதைப்பது எந்த மலைச்சரிவில் என்று பார்த்துச் சொல்லும் பழஞ்சீன முறை அது. பின்னே மலை, முன்னே நீர் என்று அது சொன்னதில், குளிர்காற்றைத் தடுக்க மலையும் பயிர் செய்ய நீரும் தேடிய உழவனின் பட்டறிவு இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. காந்த ஊசியைத் திசை பார்க்கக் கையாண்டோர் வரிசையில் அந்தச் சாத்திரிகளுக்கும் இடமுண்டு. அதையும் மறைக்கவில்லை.

ஆனால், கழனியில் பிறந்த பட்டறிவு வங்கிகளின் வீதிக்கு வந்தபோது என்ன ஆயிற்று?

கோபுரத்தின் விளிம்பு கத்தி போல இருக்கிறதாம்; ஆளுநர் மாளிகையைக் குத்துகிறதாம்! கட்டுமானம் நடந்துகொண்டிருந்த 1986-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆளுநர் எட்வர்ட் யூட் பெய்ஜிங் சென்ற இடத்தில் மாரடைப்பால் காலமானார். 'கோபுரம் செய்த வேலை' என்று ஊரில் பேச்சு! பக்கத்தில் ஹாங்காங்-ஷாங்காய் வங்கியின் கட்டடம், 1985-இல் முடிக்கப்பட்டது. அதன் உச்சியில் நிற்கும் பாரந்தூக்கிகள், கத்தியை எதிர்க்க வைத்த பீரங்கிகள் என்றும் கதை கட்டினர். கண்ணாடியைத் துடைக்க ஆட்களை இறக்கும் பாரந்தூக்கி பீரங்கியாகிவிட்டது! இறங்கித் துடைக்கும் தொழிலாளியைப் பற்றியோ எந்தக் கதையும் இல்லை.

கட்டடத்தின் முகப்பில் தெரிந்த பெருக்கல் குறி போன்ற சட்டங்களும் கேடு தரும் என்றார்கள். பெய் என்ன செய்தார்? குறுக்கே கிடந்த சட்டங்களை வெளியே தெரியாதபடி மறைத்தார். பெருக்கல் குறி, வைர வடிவமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. தோற்றம் மாறிற்று; பாரத்தைத் தாங்கும் முக்கோணம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? தோழர்களே, மூன்று குச்சிகளை எடுத்து முனைக்கு ஓர் ஆணி அடித்து முக்கோணமாக்குங்கள். நெருக்கிப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சிகளால் சதுரம் செய்து நெருக்குங்கள்; சாய்ந்து படுத்துவிடும். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சியை அடியுங்கள். அதுவும் நிமிர்ந்து நிற்கும். சூறாவளி வீசும் ஹாங்காங்கில் 72 மாடி நிமிர்ந்து நிற்கும் அடிப்படை இதுதான். எந்தக் கோணம் சாத்திரியின் கண்ணுக்குக் கத்தியோ, அதே கோணம் பொறியாளனுக்குத் தூண்!

சரி, இந்தக் கணக்கு சீனத்துக்கு அயலானதா? இல்லை, இல்லவே இல்லை! கி.பி. 263-இல், லியு ஹுயி எனும் சீனக் கணித அறிஞர் ஒரு கேள்வி எழுப்பினார். கடல் நடுவே தீவு. அங்கே போகாமல் அதன் உயரத்தைச் சொல்ல வேண்டும். எப்படி?

'பு' என்பது அந்நாட்டு நீள அளவு. 5 பு உயரமுள்ள கம்பங்கள் இரண்டை, தீவுக்கு நேர்கோட்டில், 1,000 பு இடைவெளியில் நடு. முதற் கம்பத்திலிருந்து 123 பு பின்னே போய், தரையில் கண் வைத்துப் பார். கம்பத்தின் நுனியும் தீவின் உச்சியும் ஒன்றாகத் தெரியும். இரண்டாம் கம்பத்துக்கு 127 பு பின்னே போக வேண்டும். வேறுபாடு 4. ஐந்தை ஆயிரத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் 1,250. கம்பத்தின் உயரம் 5-ஐக் கூட்டு. தீவின் உயரம் 1,255 பு!

படகு இல்லை, மந்திரம் இல்லை, தட்சணை இல்லை. தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்ததைக் கொண்டு அதைப் பிடிப்பது இயற்கணிதம். கைக்கு எட்டாததை முக்கோணத்தால் எட்டுவது முக்கோணக் கணிதம். இரண்டும் கைகோத்து நிற்கின்றன, 1,700 ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கணக்கில்!

அதே மண்ணில், 2005-இல் திறக்கப்பட்ட டிஸ்னி கேளிக்கைப் பூங்காவின் நுழைவாயிலை, சாத்திரம் பார்த்து 12 பாகை திருப்பினார்கள். 12 பாகை திரும்பினால் 100 அடி தொலைவில் ஏறத்தாழ 21 அடி விலகும் என்று சொல்ல முக்கோணக் கணிதம் இருக்கிறது. 12 பாகை திரும்பினால் செல்வம் சேரும் என்று சொல்ல எந்தக் கணிதம் இருக்கிறது?

சேர்ந்தது யாருக்கு என்பதையும் பார்ப்போம். நினா வாங் எனும் ஹாங்காங் சீமாட்டி 2007-இல் இறந்தார். அவருக்கு ஃபெங் சுயி பார்த்துவந்தவர், சொத்தெல்லாம் தமக்கே என்று உயில் காட்டினார். அது போலி என்று 2010-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை!

அதே நகரில், 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஒரே வீட்டைப் பல துண்டாகத் தடுத்த அறைகளில் வாழ்வோர் 2 லட்சத்துக்கு மேல். சன்னலே இல்லாத அறையில் காற்றுக்கு எத்திசை? கட்டிலும் அடுப்பும் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் நீருக்கு எத்திசை? அவர்களுக்கு வேண்டியது திசையல்ல, இடம்! எத்தனை பேர், எத்தனை சதுர அடி, எவ்வளவு வாடகை என்று கணக்குக் கேட்கும் துணிவு!

வாஸ்து என்றும் மனையடி என்றும் நம் ஊரிலும் இதே கடை திறந்திருக்கிறது. கொத்தனார் மூலைமட்டம் வைத்துக் கட்டிய சுவரை, கூலி வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு, இடிக்கச் சொல்லும் வாய்கள் உண்டு. வாய்க்கு வாய் காட்டுவதால் பயனில்லை. கணக்கைக் காட்ட வேண்டும்.

ஆகவே தோழர்களே, இயற்கணிதமும் முக்கோணக் கணிதமும் பரீட்சைக்குப் படித்து மறக்கும் பாடமல்ல. உழைப்பவன் கைக்கு உரிய கருவிகள். படிப்பகத்தில் செய்தித்தாளுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டுவோம். மாலையில் ஒரு மணி நேரம், தெரிந்த தோழர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். முதல் பாடமாக அந்தத் தீவின் உயரத்தையே போடட்டும். இரண்டாம் பாடமாக, நம் தெருவின் தண்ணீர்த் தொட்டியை, ஏறாமலே அளக்கட்டும்.

கோணத்தைக் கற்றவனை எந்தக் கோணமும் மிரட்டாது!