மலையும் வனமும் தாங்கும் பெயர்

திருமுழுக்கின்போது நம் பிள்ளைகளுக்குப் புனிதர் ஒருவரின் பெயரை இடுகிறோம். அப்பெயர் வெறும் அழைப்பொலி அன்று. அப்புனிதரின் வாழ்வை நினைந்து வாழவேண்டும் என்னும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே வருகிறது. மலைக்கும் வனத்திற்கும் ஒரு மனிதரின் பெயரை இடும்போதும் இத்தகைய பொறுப்பு ஒன்று உண்டு. ஆனால் அதைச் சுமக்க வேண்டியது மலையன்று; பெயரிட்ட மக்களே. அமெரிக்க நாட்டின் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூரின் வரலாறு இதனை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

அடிபட்டுக் கற்ற திருமறை

ஜான் மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரை ஊராகிய டன்பாரில் பிறந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். புராட்டஸ்டாண்டு குடும்பமொன்றின் பிள்ளை. தந்தை மிகக் கண்டிப்பானவர். பதினொன்றாம் வயதிற்குள் புதிய ஏற்பாடு முழுவதையும், பழைய ஏற்பாட்டில் முக்கால் பங்கையும் சிறுவன் ஜான் மனப்பாடம் செய்திருந்தான். அத்தனையும் அடிபட்டே கற்றது என்று அவரே பின்னாளில் எழுதினார். எனினும் அச்சத்தோடு கற்ற அந்த மறைமொழிகளை, அன்போடு நினைவுகூரும் காலமும் அவர் வாழ்வில் வந்தது.

1849-இல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. காடு திருத்தும் கடும் உழைப்பில் இளமை கழிந்தது. பின்பு மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார்.

1867-இல் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் பணிபுரிகையில், கை நழுவிய அரத்தின் கூரிய முனை அவரது வலக்கண்ணைத் துளைத்தது. சின்னாட்களில் இடக்கண்ணும் ஒளி குன்றியது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியபோது, இனித் தம் கண்கள் இறைவனின் படைப்பைக் காண்பதற்கே உரியவை என்று உறுதிகொண்டு ஆலையை விட்டு வெளியேறினார். அவ்வாண்டே மெக்சிகோ வளைகுடாவரை ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்தார். மறு ஆண்டில் கலிபோர்னியாவை அடைந்து, சியரா நெவாடா மலைத்தொடரில் ஆடு மேய்க்கும் வேலையில் அமர்ந்தார்.

மேய்ப்பனும் பேரறிஞரும்

அம்மலையிலுள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு நில அதிர்ச்சியால் தரை அமிழ்ந்து தோன்றியது என்பது அரசு நிலவியல் அறிஞர் விட்னியின் கொள்கை. மியூரோ, மலைச்சரிவில் மெல்ல நகரும் பனியாறுகளே பாறையைக் குடைந்து அதனை உருவாக்கின என்றார். ஆடு மேய்ப்பவனுக்கு என்ன தெரியும் என்று விட்னி அதை இகழ்ந்து ஒதுக்கினார். பனியாறுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இன்று யோசெமிட்டியில் தொடங்கும் 'ஜான் மியூர் நடைபாதை' 211 மைல் நீண்டு, விட்னியின் பெயர் தாங்கிய சிகரத்தின் உச்சியில் முடிகிறது. வாழ்நாளில் இணங்காத இருவரையும் ஒரே பாதை இணைத்துவிட்டது! அப்பாதையின் நடுவே, ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் மியூர் கணவாய் உள்ளது. அதன் இரு புறமும் உள்ள ஏரிகளுக்கு அவருடைய புதல்வியர் வாண்டா, ஹெலன் ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டுள்ளன. பிறந்த மண்ணும் அவரை மறக்கவில்லை. 2014-இல் ஸ்காட்லாந்தைக் குறுக்காகக் கடந்து டன்பாரைச் சென்றடையும் 'ஜான் மியூர் வழி' திறக்கப்பட்டது.

தன் பெயரை மறுத்த கொடையாளர்

இவ்விடங்களுள் தனிச்சிறப்புடையது சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள 'மியூர் வனம்'. அங்கே 250 அடிக்கும் மேல் உயர்ந்த ரெட்வுட் மரங்கள், பல நூற்றாண்டு வயதுடன் நிற்கின்றன. நீர்த்தேக்கம் கட்டுவதற்காக அவ்வனத்தைக் கைப்பற்ற ஒரு தண்ணீர்க் குழுமம் வழக்குத் தொடுத்தபோது, அதன் உரிமையாளரான வில்லியம் கென்ட்டும் அவர் மனைவியும் 295 ஏக்கர் வனத்தை நாட்டிற்கே கொடையாக அளித்தனர். 1908 ஜனவரி 9-ஆம் நாள் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் கென்ட்டின் பெயரையே சூட்டலாம் எனக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கருதினார். கென்ட் இசையவில்லை. தம் புதல்வர்களால் தம் பெயரை வாழவைக்க இயலாதெனில் அது மறக்கப்படுவதே நலம் என்று கூறி, மியூரின் பெயரே நிலைக்கட்டும் என்றார்.

1945 மே மாதத்தில், ஐக்கிய நாடுகள் சாசனத்தை வகுக்க வந்திருந்த பேராளர்கள், அவ்வாண்டு மறைந்த குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நினைவுகூர இவ்வனத்தில்தான் கூடினர். அவர்கள் நின்ற இடத்திற்குப் 'பேராலயத் தோப்பு' என்று பெயர்.

பெயர் பெறாத பள்ளத்தாக்கு

ஆனால் மியூர் தம் இறுதி ஆண்டுகளில் எந்த இடத்திற்காகப் போராடினாரோ, அந்த இடத்திற்கு அவர் பெயர் இல்லை. அது யோசெமிட்டித் தேசியப் பூங்காவிற்குள்ளேயே அமைந்த ஹெச் ஹெச்சிப் பள்ளத்தாக்கு. 1906-இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான்பிரான்சிஸ்கோ நகருக்கு நீர் வேண்டியிருந்தது. அத்தேவை பொய்யன்று. எனினும் வேறிடத்தில் நீர் தேடலாம் என்றும், இப்பள்ளத்தாக்கை மூழ்கடிப்பது ஆலயத்தை நீர்த்தொட்டியாக்குவதற்கு ஒப்பாகும் என்றும் மியூர் வாதாடினார். 1892-இல் தொடங்கப்பெற்று அவரையே தலைவராகக் கொண்ட சியரா கிளப்பிலும் கருத்து பிளவுபட்டது. 1913 டிசம்பரில் அணைக்கான சட்டம் நிறைவேறியது. அதனை ஆதரித்த சட்டமன்ற உறுப்பினர்களுள் ஒருவர் யார் தெரியுமா? மியூர் வனத்தைக் கொடையளித்த அதே வில்லியம் கென்ட்!

மறு ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு முந்திய நாளில், நுரையீரல் அழற்சியால் மியூர் இறைவனடி சேர்ந்தார். 1923-இல் அணை எழுந்து பள்ளத்தாக்கு நீரில் மறைந்தது. எனினும் அத்தோல்வி வீண்போகவில்லை. மக்களிடையே எழுந்த விழிப்பு, தேசியப் பூங்காக்களைக் காக்கத் தனித்துறை அமைக்கும் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழிகோலியது. அச்சட்டத்தைக் கீழவையில் முன்மொழிந்தவரும் கென்ட்டே. மனித உள்ளம் எத்துணை விந்தையானது!

குறையும் நிறைவும்

மியூரையும் மாசற்றவராகக் கருதிவிடல் ஆகாது. அம்மலைகளின் பழங்குடி மக்களைப் பற்றியும் கறுப்பின மக்களைப் பற்றியும் அவர் இழிவான சொற்களை எழுதியதுண்டு. 2020-இல் சியரா கிளப்பே இதை வெளிப்படையாக எடுத்துரைத்து வருந்தியது. படைப்பை நேசித்தவரின் பார்வைக்கும், படைப்பின் சிகரமாகிய மனிதர் சிலர் முழுமையாகத் தென்படவில்லை. இது நாமும் நம்மைச் சோதித்தறிய வேண்டிய இடமாகும்.

அலாஸ்காவில் மியூர் பனியாறு என்று ஒன்றுண்டு. 1941-க்கும் 2004-க்கும் இடையே அது 12 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. உலகம் வெப்பமடைய அது உருகுகிறது. சூட்டப்பட்ட பெயரால் அதைக் காக்க முடியவில்லை. பெயர்ப்பலகை வைப்பது ஒரு நாள் வேலை; பெயருக்குரியவர் நேசித்ததைக் காப்பதோ தலைமுறைகளின் வேலை.

இவ்வுலகம் நம் அனைவருக்கும் பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில் நினைவூட்டினார். ஆலய வளாகத்தில் நம் முன்னோர் நட்ட மரங்களுக்குப் பெயர்ப்பலகை இல்லாதிருக்கலாம். அவற்றின் நிழலில் நின்று வளரும் நம் பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயர்கள் உண்டு. அப்பெயர்களின் பொருளையும், அம்மரங்களின் அருமையையும் ஒருங்கே கற்பிப்பது பெற்றோராகிய நம் கடமையன்றோ?