பாசிட்டிவ் சரி, எந்த ரகம்?

தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழர்களுக்கு மதராசி கேம்ப்பைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ஜங்புராவை ஒட்டி, நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த நம் மக்களின் குடியிருப்பு அது. அங்கே இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. பெண்களில் பலர் அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை செய்து பிழைத்தார்கள். 2025 ஜூன் 1-ஆம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் இருந்தன. அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டென்று முடிவு செய்தார்கள். அந்த வழக்கின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. நான் எழுத வந்தது, அந்தக் கேம்ப்பில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி.

2022 ஜனவரி. கொரோனாவின் மூன்றாம் அலை. முகக்கவசமும் மருந்துப் பையும் கொடுக்க நண்பர்களோடு போயிருந்தேன். நான் ஆய்வகம் ஒன்றில் முப்பதாண்டுகள் இரத்தமும் சளியும் சோதித்து ஓய்வு பெற்றவன் என்பது அங்கே சிலருக்குத் தெரியும். அந்த அம்மாள் கையில் ஒரு சீட்டுடன் வந்து, சற்றுத் தள்ளி நின்றபடியே கேட்டார்:

"சார், பாசிட்டிவ்னு எழுதிக் குடுத்துட்டாங்க. டிவியில ஒமைக்ரான்ங்கறான், டெல்டாங்கறான். எனக்கு வந்தது எதுன்னு சீட்டுல காணோமே? நான் வேலை செய்யற வீட்டம்மா, ஒமைக்ரான்னா ஒரு வாரம் கழிச்சு வா, டெல்டான்னா வரவே வேணாம்னு சொல்லிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில எடுத்திருந்தா போட்டிருப்பாங்களா?"

ஒரு மாதச் சம்பளம் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று நின்றபடியே சுருக்கமாகப் பதில் சொன்னேன். வாசக அன்பர்களுக்கு அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஏடு எழுதுவோர் பிழை

கொரோனா வைரஸின் உள்ளே இருப்பது ஒரு நீண்ட எழுத்துக் கோவை. நான்கே எழுத்துகள், மாறி மாறி ஏறத்தாழ 30,000 இடங்களில் வரும். திருக்குறளைவிடச் சிறிய நூல்தான். நம் உடலில் புகுந்ததும் அது தன்னைத்தானே படியெடுத்துக் கொள்கிறது. படியெடுக்கும்போது எங்காவது ஓர் எழுத்துப் பிழையாகிறது. அந்தப் பிழையுள்ள படி அடுத்தவருக்குப் போனால், அவரிடமிருந்து கிளம்பும் எல்லாப் படிகளிலும் அதே பிழை தொடரும்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பாடபேதம் கண்ட உ.வே. சாமிநாதையரின் வேலையை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும். உருமாறிய வைரஸையும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். 2020 ஜனவரியில் சீன அறிவியலாளர்கள் வெளியிட்ட முதல் கோவையை மூல ஏடாக வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறார்கள்.

பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. சில மட்டும் வைரஸின் மேலுள்ள முள் போன்ற புரதத்தை மாற்றிவிடும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் வைத்திருப்பது பெரும்பாலும் அந்த முள்ளைத்தான். ஒமைக்ரானில் முள்ளில் மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன.

குச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வரை

மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியை ஒரு திரவத்தில் இட்டு, ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முதலில் நடப்பது ஆர்டி-பிசிஆர் சோதனை. வைரஸின் சில பகுதிகளை மட்டும் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கிப் பார்ப்பார்கள். எத்தனையாவது சுற்றில் தென்படுகிறது என்பதே சி.டி. எண். சீக்கிரம் தெரிந்தால் வைரஸ் அதிகம். இந்தச் சோதனை "இருக்கிறது, இல்லை" என்று சொல்லும். எந்த ரகம் என்று பொதுவாகச் சொல்லாது.

ஒரு சிறு தந்திரம் உண்டு. ஒருவகைச் சோதனைப் பெட்டி வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். பிரிட்டனில் 2020 கடைசியில் பரவிய ஆல்ஃபாவிலும், ஒமைக்ரானின் முதல் கிளையிலும் முள் பகுதியில் இரண்டு அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தன. அதனால் இரண்டு இடம் தெரியும், மூன்றாவது தெரியாது. அந்த வெற்றிடமே துப்பு. ஆனால் அடுத்து வந்த பிஏ.2 கிளையில் பெரும்பாலும் அந்த விடுபாடு இல்லை. தந்திரம் அங்கே பலிக்கவில்லை.

ஆகவே முழு ஏட்டையும் படித்தாக வேண்டும். சளி மாதிரியிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றி, துண்டு துண்டாகப் பெருக்கி, ஒவ்வொரு நோயாளியின் துண்டுகளுக்கும் தனி அடையாளம் இட்டு, இயந்திரத்தில் படிக்க வைப்பார்கள். கம்ப்யூட்டர் துண்டுகளைக் கோத்து முழுக் கோவையாக்கும். இதற்குப் பல நாள் ஆகும், செலவும் அதிகம். வைரஸ் குறைவாக உள்ள மாதிரியில் பாதி ஏடு செல்லரித்ததுபோல் இடைவெளிகள் விழும்.

இந்தியாவில் இதற்காக 2020 டிசம்பரில் 'இன்சாகாக்' என்ற கூட்டமைப்பு பத்து ஆய்வகங்களுடன் தொடங்கப்பட்டது. அவற்றில் இரண்டு தில்லியில் உள்ளன. ஒன்று தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். மற்றது மதுரா ரோட்டில், கேம்ப் இருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. முதல் பத்தில் தமிழகத்து ஆய்வகம் இல்லை. நம் மாநிலத்து மாதிரிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன. 2021 செப்டம்பரில்தான் சென்னை தேனாம்பேட்டையில் தமிழக அரசே சொந்த ஆய்வகம் திறந்தது.

யாருக்காக இந்தச் சோதனை?

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். பெரிய ஆஸ்பத்திரியானாலும் பாசிட்டிவ் சீட்டில் ரகத்தைப் போடுவதில்லை. எல்லா மாதிரிகளையும் படிப்பதும் இல்லை. தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து பாசிட்டிவ் ஆனவர்களின் மாதிரிகளையும், மாநிலங்களில் பாசிட்டிவ் ஆனவற்றில் ஐந்து சதவீதத்தையும் படிப்பதென்று திட்டமிட்டார்கள். முடிவு வருவதற்குள் நோயாளி பெரும்பாலும் குணமாகியிருப்பார். வீட்டில் இருந்தபடி தேறுகிறவருக்கு, எந்த ரகமானாலும் கவனிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். 2022 ஜனவரி 5-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விதியும் ரகம் பார்க்கவில்லை. லேசான நோயாக இருந்து, பாசிட்டிவ் ஆகி ஏழு நாள் கடந்து, தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிந்தது. இதைத்தான் அன்று ஒரு தாளில் இந்தியில் எழ்திக் கொடுத்து, "வீட்டம்மாவிடம் காட்டுங்கள்" என்றேன்.

அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு? ஊருக்காக. 2021 ஜனவரியில் தில்லி அரசு எடுத்த இரத்தப் பரிசோதனைக் கணக்கில் 56 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. தலைநகரம் தப்பித்தது என்றே பலரும் நினைத்தோம். ஏப்ரலில் டெல்டா வந்தது. ஆக்சிஜனுக்கு நாம் அலைந்ததை நினைவூட்ட வேண்டியதில்லை. முன்பு வந்து போன நோய் முழுக் காவல் ஆகவில்லை என்பதை, தில்லியின் மாதிரிகளைப் படித்தவர்கள்தான் பிறகு விளக்கினார்கள். புதிய ரகம் வருகிறதா, ஆஸ்பத்திரிப் படுக்கைகளைத் தயார் செய்யவேண்டுமா, தடுப்பூசியை மாற்றவேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆதாரம் அந்த எழுத்துக் கோவைகளே.

வராத மாதிரி பேசாது

என் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்த அம்மாளுக்குச் செய்தது அரை மணிக்குள் முடிவு சொல்லும் ஆன்டிஜன் சோதனை. 2020 ஜூனிலிருந்து தில்லியில் பரவலாக நடந்தது அது. விரைவானது, மலிவானது, அந்த நேரத்துக்குத் தேவையானதும்கூட. ஆனால் சோதனை முடிந்ததும் அந்தப் பட்டை குப்பைக்குப் போய்விடும். ஆர்டி-பிசிஆருக்காக இன்னொரு மாதிரி எடுத்தால் ஒழிய, அவருடைய வைரஸ் மதுரா ரோடுவரை போயிருக்க வழியில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் சோதனைக்கே வராதவர்கள் எத்தனை பேர்! விமானத்தில் வந்தவரின் வைரஸை எழுத்தெழுத்தாகப் படித்தோம். நான்கு வீட்டுக்கு நடந்துபோய்ப் பாத்திரம் துலக்கியவரின் வைரஸைப் படித்தோமா? நோய் இருவரையும் ஒன்றாகவே பார்த்தது.

இது பழங்கதை அல்ல. 2025 மே மாதம் என்பி.1.8.1 என்ற ரகம் பற்றிச் செய்தி வந்தபோது, இன்சாகாக்கின் கணக்கில் இந்தியாவில் இருந்தது ஒரே ஒரு மாதிரிதான். ஏப்ரலில் தமிழகத்தில் எடுத்தது. யாரோ ஒருவர் மூக்கைக் காட்டினார், யாரோ ஒருவர் அதைக் கெடாமல் அனுப்பினார். அதனால் நாடு அறிந்தது.

யாரையும் கேட்காமல் அறியும் வழியும் உண்டு. நோயாளியின் கழிவில் வைரஸின் சுவடு கலந்திருக்கும். போலியோ ஒழிப்பின்போது மும்பையில் 2001 முதலும், தில்லியில் 2010 முதலும் சாக்கடை நீரைச் சோதித்தார்கள். கொரோனா காலத்தில் ஹைதராபாத், பெங்களூரு போன்ற நகரங்களில் அதே முறை பயன்பட்டது. சாக்கடைக்குக் காலனி, கேம்ப் என்ற பேதம் கிடையாது. ஆனால் நோயாளி யார், அவருக்கு என்ன தேவை என்பதை அது சொல்லாது. அதற்கு மனிதர் வந்துதான் ஆக வேண்டும்.

மதராசி கேம்ப் மக்கள் இன்று நரேலாவிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள். பலருக்குப் பழகிய டிஸ்பென்சரி தூரமாகிவிட்டது. நம் அன்பர்கள் இரண்டு காரியம் செய்யலாம். வீட்டு வேலைக்கு வருபவர் காய்ச்சல், இருமல் என்றால் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுத்து, சோதனைக்குப் போகச் சொல்லுங்கள். இந்தியில் எழுதிய சீட்டுப் புரியாமல் தவிப்பவர்களுக்கு, அதைப் படித்துத் தமிழில் சொல்ல ஓர் ஆள் துணைக்குப் போங்கள். அடுத்த புதிய ரகம் எந்தக் காலனியில், யார் வீட்டில் முதலில் தும்மும் என்று எவராலும் சொல்ல முடியாது.